ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பிள்ளைகள்

அந்தச் சித்தி வாசலில் தலைகாட்டினாலே அறக்கட்டளையின் திட்ட அதிகாரி கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். சித்தி தையல் ஆலையில் பொத்தான் வைப்பவள். செத்துப்போன அக்காளின் மகள் வாண்டு அரசு விடுதியில் கிடந்தாள். அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், கேட்பது அவ்வளவுதான். ஆனால் வருமானம் காட்ட முடியாதவளிடம் விடுதி பிள்ளையை விடுமா?

"வாண்டு மறுபடியும் இளைச்சுட்டாம்மா. ஓயாம இருமுறா. உங்க திட்டத்துல சேர்த்துவிட்டா நான் கூட்டிட்டுப் போயிருவேன்ல?"

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை விடுதியில் அடைக்காமல் சொந்தக்காரர் வீட்டில் வளர்க்க அரசு உதவித்தொகை தர வேண்டும், அதைச் சட்டமாக்க வேண்டும். அமைச்சகம் லேசில் மசியவில்லை. ஆதாரம் கொண்டுவா என்றது. சரியென்று அறக்கட்டளை சில விடுதிகளின் பிள்ளைகளைத் தன் செலவில் உறவினர் வீடுகளுக்கு அனுப்பியது. மற்ற விடுதிகளை அப்படியே விட்டு இரண்டையும் ஒப்பிடுவது ஏற்பாடு. சீட்டுக் குலுக்கிப் போட்டவள் இதே அதிகாரிதான். வாண்டுவின் விடுதி 'அப்படியே விடும்' பக்கம் விழுந்தது.

மனசு கேட்காமல் அறக்கட்டளை இயக்குநரிடம் போய் நின்றாள்.

"ஒரே ஒரு பிள்ளைதானே சார்?"

"ஒண்ணை எடுத்தா ஒப்பீடே கெட்டுப்போச்சும்பாங்க. அமைச்சகம் தூக்கிக் கடாசிரும். அப்புறம் மத்த பிள்ளைங்க கதி என்னம்மா?"

மனிதர் சொன்னதில் தப்பும் இல்லை, அதுதான் கொடுமை. அவளும் சித்தியிடம் வந்து, "கொஞ்சம் பொறுத்துக்கங்க, சட்டம் வந்துட்டா எல்லாருக்கும் கிடைக்கும்" என்றாள். ஒரு மருத்துவரையாவது அனுப்பியிருக்கலாம். நாம் அனுப்பினால் அது 'அப்படியே விட்ட' விடுதி ஆகாதே என்று அதற்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படித்த படிப்பு அப்படி!

குளிர் காலத்தில் வாண்டுவுக்கு நெஞ்சுச் சளி முற்றியது. விடுதிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு சட்டம் நிறைவேறியது. அலுவலகத்தில் ஆளாளுக்குக் கைகுலுக்கி, இயக்குநர் கண்கூடக் கலங்கி, ஒரே அமர்க்களம். அந்த நேரம் பார்த்துச் சித்தி உள்ளே வந்தாள். அதிகாரி அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"சட்டம் வந்துருச்சாமே?"

"வந்துருச்சுக்கா."

"நல்லது. எங்க வாண்டு அதுல எந்தப் பக்கம்மா வந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் இழுத்தடித்தவளுக்கு அதற்கு நெஞ்சு துணியவில்லை. "விடுதிப் பக்கம். அங்க வாண்டுவோட சேர்த்துச் செத்த பிள்ளைங்க கணக்கை அமைச்சகத்துல காட்டினோம். அதுக்கப்புறம்தான் அமைச்சர் இறங்கி வந்தாரு."

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ பொழச்சிருந்தா? அங்க எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாம இருந்திருந்தா?"

"சட்டம் வந்திருக்காதுக்கா."

"அப்ப என்னைப் பொறுத்துக்கச் சொல்லிட்டு நீங்க காத்துக்கிட்டு இருந்தது இதுக்குத்தானேம்மா?"