ஆமா போட ஆள் வேண்டும்

பால்ச்சாமி இருபத்தோரு வருஷமாக ஆமா போட்டுக்கொண்டிருந்தார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வில்லுப்பாட்டில் அது ஒரு உத்தியோகம். வில்லுக்கு முன்னால் நடுநாயகமாக உட்கார்ந்து, வீசுகோலால் நாணை அடித்துக் கதை பாடுகிறவர் அண்ணாவி. அவர் ஒரு வரி பாடி நிறுத்துகிற இடத்தில் பக்கத்தில் இருந்து "ஆமா" என்று சொல்கிறவர் பின்பாட்டுக்காரர். கோயில் கொடைத் திருவிழாவில் பாட்டு முடிந்ததும் ஊர்க்காரர்கள் அண்ணாவிக்கு மாலை போடுவார்கள். பின்பாட்டுக்காரருக்குக் காபி கொடுப்பார்கள், அதுவும் ஆறின காபி.

மற்ற நாட்களில் அவர் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் பட்டறையில் தறி ஓட்டினார். எந்த ஊரிலாவது கோயில் கொடை என்றால் லீவைச் சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் மொக்கைச்சாமி அண்ணாவியின் வில்லுப்பாட்டுச் செட்டோடு கிளம்பிவிடுவார். தொழில் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகவேண்டுமா என்றாலும் ஆமா, போகாமல் இருந்துவிடலாமா என்றாலும் ஆமா. அவர் பெண்டாட்டி செல்லத்தாய், "இந்த மனுசங்கிட்ட ஒரு வார்த்தைக்கு மேல கேட்டு வாங்கணும்னா ரெண்டு ஜென்மம் எடுக்கணும்" என்று தெருவில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. ஒரே ஒரு தடவை நடுவில் உட்கார்ந்து, வீசுகோலைக் கையில் பிடித்து, மடைகாத்தாள் கதையை முதலில் இருந்து கடைசி வரைக்கும் பாடிவிட வேண்டும். கதை பூராவும் அவருக்கு மனப்பாடம். பட்டறையில் பன்னிரண்டு தறி ஓடுகிற இரைச்சலில் தினமும் முழுத் தொண்டையில் பாடுவார், அடுத்த தறிக்காரனுக்குக்கூடக் கேட்காது. ஆனால் அண்ணாவி கையால் எடுத்துக் கொடுக்காமல் வீசுகோலைத் தொடக்கூடாது என்பது அந்தத் தொழிலில் முறை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை துணிந்து கேட்டும் பார்த்தார்.

"ஏலே, நீ இங்க உக்காந்துட்டா அங்க ஆமா யாரு போடுவா?" என்றார் மொக்கைச்சாமி.

நியாயமான கேள்வி. பால்ச்சாமி வழக்கம்போல அதற்கும் ஆமா போட்டுவிட்டு வந்துவிட்டார்.

எண்பத்தெட்டாம் வருஷம் மதுரையில் இருந்த சர்க்கார் கலை அலுவலகம் ஒன்றில் இருந்து ஒரு விண்ணப்பப் பாரம் வந்தது. ஆசான் ஒருவர் மாணவர் ஒருவருக்குப் பத்து மாதம் கலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும், இரண்டு பேருக்கும் மாதாமாதம் உதவித்தொகை உண்டு, மாணவருக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. பால்ச்சாமிக்கு முப்பத்தொன்பது. மொக்கைச்சாமிக்கு நாற்பத்திரண்டு. மாணவர் என்ற இடத்தில் மொக்கைச்சாமி யோசிக்காமல் பால்ச்சாமியின் பேரை எழுதினார்.

"புதுசா ஒருத்தனக் கூட்டியாந்தா அவனுக்கு நெசமாவே சொல்லிக் குடுக்கணும்லே. ஒனக்குன்னா அந்தத் தொல்லை இல்ல பாரு" என்றார்.

பால்ச்சாமி காதில் அதெல்லாம் விழவில்லை. மாணவன் என்று சர்க்கார் காகிதத்திலேயே எழுதியாகிவிட்டது, இனிமேல் வீசுகோல் கைக்கு வராமல் எங்கே போகும் என்று நினைத்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். மொக்கைச்சாமி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சில் இருந்தார்.

"அண்ணாவி, இன்னைக்கு என்ன பாடம்?"

"பாடமா? ரெண்டு டீ சொல்லு. நோட்டுல, காப்புப் பாட்டு கற்பிக்கப்பட்டதுன்னு எழுது. கையெழுத்துப் போடுதேன்."

பால்ச்சாமி எழுதினார். அடுத்த வாரம், "நாணில் தாளம் அடிக்கும் முறை கற்பிக்கப்பட்டது." அதற்கடுத்த வாரம், "குரலை ஏற்றி இறக்கும் முறை கற்பிக்கப்பட்டது." பத்து மாதமும் அப்படியே ஓடியது. நோட்டைப் படித்தால் தமிழ்நாட்டில் வேறெங்கும் அப்படி ஒரு குருகுலம் நடந்ததே இல்லை என்று தோன்றும். நடந்தது என்னவோ டீயும் வடையும்தான். உதவித்தொகையில் மொக்கைச்சாமி டேபிள் ஃபேன் வாங்கிவிட்டார். பால்ச்சாமியின் கை வீசுகோலில் பட்டதே இல்லை.

பத்தாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. வருகிற புதன்கிழமை மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்தில் தேர்வு. மாணவர் தலைமை ஏற்று ஒரு கதை முழுக்கப் பாட வேண்டும். பாரத்தில் பேர் உள்ள செட்டுக்காரர்களைத் தவிர வெளியாள் மேடையில் இருக்கக் கூடாது.

மொக்கைச்சாமி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பாரத்தில் பேர் கொடுத்தது நாலே பேர். அவர், பால்ச்சாமி, உடுக்கை அடிக்கும் ராக்கப்பன், குடம் அடிக்கும் கருத்தப்பாண்டி. ராக்கப்பனுக்குக் காது மந்தம், கண்ணால் பார்த்துத்தான் அடிப்பார். கருத்தப்பாண்டி வாயில் எந்நேரமும் வெற்றிலை, ஆமா சொன்னால் முன்வரிசை சிவந்துவிடும். பால்ச்சாமி பாடப்போனால், ஆமா போட மிச்சம் இருக்கிற ஆள் மொக்கைச்சாமி ஒருத்தர்தான். மாணவன் பேரை எழுதின அன்றைக்கு இது அவருக்கு உறைக்கவில்லை.

"ஆமா போடுறதுக்கு என்னலே இருக்கு. வாயத் தொறந்தா வருது" என்று மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, "ஆனா ஒண்ணு. ஆசான்னு என் பேரு இருக்கு. அங்க போய் நீ ஒளறி என் பேரக் கெடுத்தேன்னு வையி, பொறவு ஒன் ஆயுசுக்கும் வீசுகோலப் பத்திப் பேசக்கூடாது" என்றார்.

பால்ச்சாமிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இருபத்தோரு வருஷ ஆசை, ஒரு மதியத்தில் விடிந்தால் விடிந்தது, இல்லாவிட்டால் அதோடு போயிற்று.

புதன்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ஓசிப் பாட்டு என்று கேள்விப்பட்டு மம்சாபுரத்தில் இருந்து பெண்கள் டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். செல்லத்தாய் மூன்றாவது வரிசையில் இருந்தாள். மதுரையில் இருந்து தேர்வுக்கு வந்தவர் ஞானபாக்கியம் என்ற மேடம். முன்னால் ஒரு டேப் ரிக்கார்டரை வைத்து, மடியில் மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு, "ஆசான் கோலை எடுத்து மாணவர்கிட்ட குடுங்க" என்றார். மொக்கைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார். பிடியை விடுவதற்குச் செத்த நேரம் ஆயிற்று.

காப்புப் பாட்டு நன்றாகவே போயிற்று. அதற்கு ஆமா தேவையில்லை. பிறகு கதை தொடங்கியது.

"மலையோரம் ஒரு கண்மாயாம்" என்று பாடி பால்ச்சாமி நிறுத்தினார்.

மொக்கைச்சாமி வழக்கம்போல சபையைப் பார்த்துத் தெரிந்த முகங்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாண் அதிர்ந்து அடங்கியது. பொறுத்துப் பார்த்த பால்ச்சாமியின் வாய் பழக்கதோஷத்தில் தானே திறந்து, "ஆமா" என்றது.

சபை சிரித்தது. மொக்கைச்சாமி திடுக்கிட்டுத் திரும்பினார். இனிமேல் விடக்கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கண்மாய்க்கு ஏழு..."

"ஆமா."

"...மடையாம்" என்று முடிப்பதற்குள் சிரிப்பு இரண்டாவது தடவை எழுந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் பால்ச்சாமிக்கு ஒரு வரி தாவிவிட்டது.

"மழையோ மழையாப் பெஞ்சு ஏழாம் மடை ஒடஞ்சிருச்சாம்."

"ஆறாம் மடைலே. ஏழு அடுத்த வரியில வருது" என்றார் மொக்கைச்சாமி. இருபது வருஷமாக யாரும் அவர் பாட்டை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடினது கிடையாது, வாய் பரபரத்துவிட்டது. மம்சாபுரத்துப் பெண்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி அடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேடம் தாளில் என்னவோ எழுதினார். செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்படியே இன்னும் நாலு வரி போனால் எல்லாம் முடிந்தது. தறி பன்னிரண்டும் சேர்ந்து இரைந்தபோதுகூட ஒரு தாளம் தவறாமல் பாடினவன், ஒரு மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து கெடுத்துக் கெட்டுப்போகிறேனே என்று பால்ச்சாமிக்கு ஆத்திரம் வந்தது. நல்லா வந்தது. வீசுகோலை மடியில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"அண்ணாவி, கதை பாடுறது நானு."

சிரித்துக்கொண்டிருந்த சபையைக் கவனிக்காமல் மேலே சொன்னார்.

"நான் மூச்சு எடுக்கிற எடத்துல நீங்க ஆமா போடணும். முந்திப் போட்டா கதை அறுந்துரும். பிந்திப் போட்டா நான் அந்தரத்துல நிக்கேன். பொறவு, நாக்கு நுனியில போடாதீங்க. நான் சொல்லுததெல்லாம் கண்ணு முன்னால நடக்குன்னு நம்பிப் போடுங்க. நீங்க நம்பினாத்தான் இருக்கிற சனம் நம்பும்."

மொக்கைச்சாமி முகம் கறுத்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை.

"இம்புட்டு வருஷமும் நீ நம்பியா போட்ட?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பொறவு எப்பிடிப் போடுறதாம்?"

மொக்கைச்சாமி துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பால்ச்சாமியின் வாயையே பார்த்தபடி நகர்ந்து உட்கார்ந்தார். பால்ச்சாமி மறுபடியும் முதலில் இருந்து எடுத்தார்.

மலையோரம் கண்மாய், ஆமா. கண்மாய்க்கு ஏழு மடை, ஆமா. கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆமா இடத்தில் வந்து விழ ஆரம்பித்தது. ராக்கப்பனின் கண்ணில் சந்தோஷம் தெரிந்தது. கதையில், உடைந்த மடையை அடைக்க ஆள் இல்லாமல், புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகள் தானே போய் மடைவாயில் உட்கார்ந்துகொண்டாள். வெள்ளம் அடங்கியது, ஊர் பிழைத்தது, அவள் திரும்பவில்லை. இது எதுவும் தெரியாமல் அவளுடைய அண்ணன் தைப்பொங்கலுக்குச் சீர் சுமந்துகொண்டு வந்து, கண்மாய்க் கரையில் நின்று தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான்.

"கொண்டுவந்த சீரிருக்கு கூடையில."

"ஆமா."

"கூப்பிட்ட குரலிருக்கு கரையில."

"ஆமா."

"அண்ணே என்று சொல்ல ஒரு வாயில்லையே."

ஆமா வரவில்லை. போச்சுடா, மறுபடியும் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார் என்று பால்ச்சாமி திரும்பினார். மொக்கைச்சாமி எங்கேயும் பார்க்கவில்லை. கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. பால்ச்சாமி நாணை மெதுவாகத் தட்டிக்கொண்டே காத்திருந்தார். முன்வரிசையில் ஒரு கிழவி, "ஆமா தாயி, ஆமா" என்று மூக்கைச் சிந்தினாள். அதற்குப் பிறகு பெண்கள் பூராவும் சேர்ந்து போட்டார்கள். அந்த ஆமாவில்தான் கதை கரை சேர்ந்தது.

பாட்டு முடிந்து மேடம் டேப்பை நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "மாணவர் பாஸ். ஆசானைத்தான் என்ன செய்யன்னு தெரியல. முக்கியமான எடத்துல விட்டுட்டீங்களே அய்யா?" என்றார்.

"இந்தக் கதைய நான் முந்நூறு தடவைக்கு மேல பாடியிருப்பேன் தாயி" என்றார் மொக்கைச்சாமி. "இன்னைக்குத்தான் கேட்டேன்."

கூட்டம் கலைந்தது. பால்ச்சாமி முறைப்படி வீசுகோலை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினார். மொக்கைச்சாமி வாங்கவில்லை.

"வையி. மம்சாபுரம் கொடைக்கு நீயே பாடு."

அந்த நிமிஷம் செத்துப்போனாலும் பரவாயில்லை என்று இருந்தது பால்ச்சாமிக்கு, அவ்வளவு சந்தோஷம். "நீங்க அண்ணாவி?" என்று கேட்டார்.

"நான் பக்கத்துல இருந்து கேக்கேன்."

"கேளுங்க. ஆனா அந்த எடத்துல இன்னைக்கு மாதிரி வாயடச்சு நிக்கக்கூடாது. ஆமா போட்டாகணும்."

"அழுக வருதேலே. என்ன செய்யச் சொல்லுத?"

"எனக்கும் இருவத்தோரு வருஷமா அந்த எடத்துல அழுக வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார் பால்ச்சாமி. "நீங்க திரும்பிப் பாக்கல. அழுதுக்கிட்டே போடணும்."