தளமில்லாத இடம்

மூன்று மணிக்குள் டெண்டர் போய்ச் சேர வேண்டும். தரைத்தளத்தோடு சேர்த்து நான்கு மாடி நூலகம். அதுவரை மதில் சுவரும் கார் கொட்டகையும் கட்டிக்கொண்டிருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், முதல்முறையாகப் பெரிதாக ஆசைப்பட்டிருந்தார். வரைபடத்தை அளந்து எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி என்று கணக்கெடுப்பது அவருடைய மைத்துனியான அவள் வேலை. ஒல்லி உடம்பு, கையில் எப்போதும் ஸ்கேல். அதனால் ஆபீசில் அவளுக்கு அடிக்கோல் என்று பெயர்.

மாமா எந்த வரைபடத்தையும் நேராக மடிக்க மாட்டார். அவர் மடித்தால் கைக்குட்டைக்குக்கூட எட்டு மூலை வரும் என்பாள் அக்கா. கோணல்மாணலாக மடித்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் திணித்துக் கொண்டுவருவார். அடிக்கோல் அதை விரித்து, நீவி, மூலைக்கு ஒன்றாகக் கனம் வைத்த பிறகுதான் அளக்கவே முடியும்.

பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது. அப்போது எலக்ட்ரீஷியன் தன் பட்டியலோடு வந்தார். மொட்டை மாடித் தளத்திலிருந்து தொங்கும் ஒரு விளக்குக்கு முப்பத்தெட்டு அடிக் கம்பி போட்டிருக்கிறதே, வரைந்தவர் தூங்கிவிட்டாரா என்று கேட்டார்.

“ஏன் தங்கச்சி, இந்த லைட்டு மூணு தளத்தையும் ஓட்டை போட்டுக்கிட்டு இறங்குமா?”

அவளும் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

மூன்று தளங்களின் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். வெயில் ஊடுருவியது. தூணோடு தூண் பொருந்தியது. நடுவே முப்பதுக்கு இருபது அடிக் கட்டம். அதில் மூலைக்கு மூலை இரண்டு மெல்லிய கோடுகள். மாமா மடித்த தடம் என்று அவள் ஒதுக்கிவிட்ட கோடுகள். மூன்று தாளும் ஒரே இடத்திலா கசங்கும்?

குறுக்குக் கோடு போட்டிருந்தால் அங்கே தளம் இல்லை என்று அர்த்தம்.

இரண்டு வாரமாக ஸ்கேல் வைத்துத் துண்டு துண்டாக அளந்த கட்டடம் கண்ணெதிரே எழுந்து நின்றது. தரையில் நிற்பவர் தலை நிமிர்ந்தால் நாற்பத்தெட்டு அடி உயரத்துக்கு வெறும் வெளிச்சம். சுற்றிலும் அடுக்கடுக்காகப் புத்தகம். ஒருவர் இதை யோசித்திருக்கிறார். யோசித்து, இரண்டே கோட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வெளியை அவள் மூன்று முறை கான்கிரீட் போட்டு அடைத்து வைத்திருந்தாள்.

மாமாவிடம் சொன்னாள். எழுநூற்றைம்பது கன அடி கான்கிரீட் அதிகம். அப்படியே கொடுத்தால் விலை கூடி வேலை கிடைக்காது. கழித்த பிறகு அவள் சொல்வது தவறாகிப்போனால், மூன்று தளமும் மாமாவின் கைக்காசில் போட வேண்டியதுதான்.

மாமா தாளை மேசைமேல் விரித்தார். கொத்தனாராக இருந்த காலத்தில் பூச்சைத் தடவிப் பார்ப்பதுபோல, உள்ளங்கையைத் தாளின்மேல் மெதுவாக ஓட்டினார். தான் மடித்த தடங்கள் கையில் தட்டின. குறுக்குக் கோடுகள் தட்டவில்லை, அவை மை. மறுபடி ஓட்டினார்.

“இவ்வளவு உசரமா?” என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

“ஆமா மாமா. கீழேருந்து மேல வரைக்கும்.”

அவர் ஆபீஸ் கூரையை அண்ணாந்து பார்த்தார். எலக்ட்ரீஷியனும் பார்த்தார், அங்கே என்னவோ இருப்பதுபோல.

“எழுது,” என்றார் மாமா. “அந்த இடத்துக்கு ஒண்ணுமில்லைன்னு எழுது.”

மூன்று தளத்துக்கும் மூன்று பூஜ்யம். இவ்வளவு பெரிய எதையும் தன் கையால் எழுதியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.