அளவுச் சட்டை

முதுகில் தையல் விட்டுப்போன மகளின் சீருடையை அக்கா மேசைமேல் வீசியபோது தையல்காரி மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. இருபது வருடத் தொழிலில் அவள் யார் உடம்பிலும் டேப்பை வைத்ததில்லை. அளவுக்கு ஒரு பழைய சட்டை கொண்டு வந்தால்தான் துணியையே வாங்குவாள். திமிர் என்றார்கள் சிலர். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள். ஆனால் பத்து வயதுப் பெண் பழைய சட்டைக்காகக் காத்திருந்தா வளர்கிறாள்?

“பெத்த பொண்ணு மாதிரின்னு வாய் கிழியப் பேசுற. ஒரு தடவை அளந்தா கை என்ன தேஞ்சா போயிடும்?” என்று சிரித்தாள் அக்கா. “போன வாரம் மாமா வந்திருந்தாரா, அவரே அளந்து எழுதிக் குடுத்துட்டாரு. இந்தா. லீவுக்கும் அங்கதான் அனுப்பப் போறேன்.”

மிதித்துக்கொண்டே சீட்டை வாங்கினாள். ஒன்றின்கீழ் ஒன்றாக எண்கள். ஏழுக்கு நடுவில் மாமா போடும் அதே குறுக்குக்கோடு. அம்மாவின் தம்பி, விடுமுறைதோறும் தன் வீட்டுப் பின்னறைக் கதவில், சிறுமியாயிருந்த அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்தவர். எவ்வளவு வளர்ந்திருக்கேன்னு பாப்போம் வா, என்பார். கோடு போட ஒரு நிமிடம் போதும். அவள் வெளியே வர வெகுநேரமாகும். ஒன்பது வயதில் தொடங்கி ஆறு கோடுகள்.

தூக்க மாத்திரை எழுதும் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார், சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சாம்மா என்று. “ஒண்ணுமில்ல டாக்டர், வேலை ஜாஸ்தி.” எட்டு வருடமாக அதே பதில். அந்த ஒண்ணுமில்லதான் சீட்டாகி இப்போது கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. காதுமடல்வரை சுட்டது. தன் மானத்தைப் பொத்திப் பொத்தி வைத்ததில், வீட்டில் இன்னொருத்தி வளர்ந்துகொண்டிருப்பதை எண்ணிப் பார்க்கவே இல்லை அவள்.

வாசற்படியில் குழந்தை உள்ளே வராமல் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

“இப்பல்லாம் டேப்பைக் கண்டாலே ஓடுறாடி,” என்றாள் அக்கா. “அப்படியே சித்தி புத்தி.”

“அக்கா.” சீட்டை மேசைமேல் வைத்தாள். “மாமா என்னையும் அளந்தாரு.”

“தெரியாதா எனக்கு? கதவு பூரா கோடா கிறுக்கி...” சிரித்துக்கொண்டே நிமிர்ந்த அக்கா, தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

மெஷின் எப்போது நின்றது என்று தெரியவில்லை. சீருடையின் பிரிந்த முதுகை அக்கா இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்திருந்தாள், விட்டால் இன்னும் கிழிந்துவிடும் என்பதுபோல.