கட்டெறும்பு சொன்ன நல்ல சேதி

புளியமரத்திலிருந்து விழுந்ததில் கோபால்சாமியின் வலது பாதம் மரத்துப்போனது. நரம்பு தேற மாத்திரையோடு நல்ல கொழுப்பும் வேண்டும் என்று ஒடுகத்தூர் டாக்டர் சொல்ல, மனைவி அம்சவல்லி வேளாவேளைக்கு எள்ளுருண்டை நீட்டினாள். அவருக்கோ அது எட்டிக்காயாகிவிட்டது. பாதியைத் தின்பார், அவள் திரும்பியதும் மீதியைக் கட்டிலுக்கடியில் போட்டுவிடுவார்.

இன்று காலை அலறினார்.

"இன்னாய்யா ஆச்சு?" அம்சவல்லி ஓடிவந்தாள்.

"கட்டெறும்பு கடிச்சிடுச்சி!"

"எந்தக் கால்ல?"

"வலது..." என்றவர் வாயைப் பிளந்தார். "அம்சா, வலிக்குதுடி!"

இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார்கள். பிறகுதான் அவள் குனிந்து, எறும்பு மொய்த்த உருண்டைகளைப் பார்த்தாள்.

"தின்னதும் வேலை செஞ்சிருக்கு, திருட்டுத்தனமா போட்டதும் வேலை செஞ்சிருக்கு!" என்று புது உருண்டையை அவர் வாயில் திணித்தாள்.