கூரைமேல் குளம்படி

அந்த வானிலை நிலையத்தில் இரண்டே அறைகள். ஒன்றில் மேஜை, ரேடியோ, பதிவு நோட்டுகள். மற்றதில் கட்டிலும் கரியடுப்பும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவானம் வரை புல். மரம் வளரும் அளவுக்கு அங்கே மழை கிடையாது. கோடையில் மண் வெடிக்கும்; குளிர்காலத்தில் அதே மண் கடப்பாரைக்கும் மசியாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய்க் குளிரையும் காற்றையும் அளந்து எழுதுவது மருமகளின் வேலை. அவள் புருஷன் அங்கே மெக்கானிக். வந்து நாலு வருஷம்.

மாமியார் வந்து ஒன்பது நாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்த அன்றே வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்தப் புல்லுக்குக் காவல் இருக்கவா என் பிள்ளையைப் படிக்க வெச்சேன்?" என்றார். கேட்டது பிள்ளையை அல்ல, மருமகளை.

செவ்வாய்க்கிழமை ரேடியோ பேட்டரி செத்துப்போனது. புதியது வாங்கப் புருஷன் டவுனுக்குக் கிளம்பினான். "சாயங்காலம் வந்துடறேன். நாளைக்கு அம்மாவை பஸ் ஏத்திடலாம்." அவன் போய் இரண்டு மணி நேரத்தில் காற்று திரும்பியது.

தடுக்க ஒரு மரமோ மேடோ இல்லாததால் பனிக்காற்று தறிகெட்டு வந்தது. புதன் முழுக்க மருமகள், வாசலிலிருந்து கருவிப் பெட்டி வரை கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போய்வந்தாள். நீட்டிய கையே கண்ணுக்குத் தெரியவில்லை.

"அந்தப் பெட்டியை எட்டிப் பாக்கலைன்னா வானம் இடிஞ்சு விழுந்துடுமா?" என்றார் மாமியார்.

"விழுந்தா அதையும் எழுதி வைக்கணும், அத்தை."

வியாழன் காலை கதவு திறக்கவில்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவு அது. இருவரும் தோளைக் கொடுத்து முட்டியதில் நூலளவு அசைந்தது; இடுக்கு வழியாக மாவு போலப் பனி உதிர்ந்தது. பத்து மணிக்குள் ஜன்னலும் இருண்டுவிட்டது. வீடு புதைந்துகொண்டிருக்கிறது என்று மருமகளுக்குப் புரிந்தது. நோட்டில் 'பார்க்க முடியவில்லை' என்று எழுதினாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. அப்புறம் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்புக்கும் கதவுக்கும் நடந்தாள்.

"உக்காரு," என்றார் மாமியார். "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா நான் முதல்ல சொல்றது அதுதான். உக்காரு, மூச்சை மெதுவா விடு."

"உங்களுக்கு முப்பது வருஷப் பழக்கம். எனக்கு நாலு வருஷமே போதும்னு ஆயிடுச்சு."

"என்ன போதும்? நீதானே அவனை இங்கே பிடிச்சு வெச்சிருக்கே?"

"நானா?" மருமகள் திரும்பினாள். "மூணு தடவை மாற்றல் உத்தரவு வந்துச்சு, அத்தை. மூணையும் வேண்டாம்னு எழுதினது அவர்தான். இந்த வெளியை விட்டுப் போனா அவருக்கு மூச்சு முட்டுமாம். எனக்கு இங்கேதான் முட்டுது. சுவரே இல்லாத ஜெயில் இது. யார்கிட்ட சொல்றது?"

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைக்கு மேல் டொக், டொக் என்று சத்தம். ஒன்றிரண்டாகத் தொடங்கி, கூரை முழுக்கப் பரவியது.

"யாரு மேல நடக்கறது?"

"மறிமானுங்க, இந்தப் புல்வெளி மானுங்க. காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் நடந்துக்கிட்டே இருக்கும். ஒதுங்க இந்த வீட்டை விட்டா வேற இடமே இல்லை. பனி கூரை வரைக்கும் ஏறிடுச்சு, அது வழியா வந்திருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அடுப்பின் புகைக்குழாய் கிறீச்சிட்டுச் சாய்ந்தது. புகை குபுகுபுவென்று உள்ளே இறங்கியது. மருமகள் மணல் வாளியை அடுப்பில் கவிழ்த்தாள். தணல் அணைந்தது, புகை போக வழியில்லை. சற்று நேரத்தில் குளிரும் ஏறியது.

"தலை வலிக்குதா?"

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அத்தை."

"எனக்கும். காத்து வேணும், இப்பவே."

மேஜைமேல் ஸ்டூலைப் போட்டார்கள். மாமியார் மூலையில் கிடந்த வேறொரு கயிற்றை எடுத்து மருமகளின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். கூரைக்கடியில் இருந்த பரணுக்குள் ஏறிய மருமகள், கோடியிலிருந்த சின்னப் பலகைக் கதவை இரும்புக் கம்பியால் உடைத்தாள். பனி சரிந்து முகத்தை மூடியது. அடுப்புக்குக் கரி அள்ளும் வாரியால் குடைந்தாள். கீழேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"பேசிக்கிட்டே இரு! சத்தம் நிக்கக் கூடாது!"

"இருக்கேன், அத்தை!"

"என்ன தெரியுது?"

வெளிச்சம் உடைந்தது. அவளுக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில், தொங்கிய கனத்த மூக்கொன்று ஆவி விட்டது. உறையும் காற்றைச் சூடாக்கி உள்ளிழுக்கும் மூக்கு.

"மூக்கு!" என்று கத்தினாள்.

"யாரோட மூக்கு?" என்றார் மாமியார் கீழேயிருந்து. அந்த நிலையிலும் மருமகளுக்குச் சிரிப்பு வந்தது.

சுவரை ஒட்டியும் கூரைமேலும் நூற்றுக்கு மேல் நின்றன, இமையெல்லாம் பனி கட்டி. ஒன்றின் பின்னங்கால் குழாய்க்கும் அதை இழுத்துக் கட்டியிருந்த கம்பிக்கும் நடுவே மாட்டியிருந்தது. அது உதைத்த உதையில்தான் குழாய் சாய்ந்திருக்கிறது. இப்போது உதைக்கவும் தெம்பில்லை. மருமகள் தவழ்ந்து போய்க் கம்பியை நெம்பினாள். கால் விடுபட்டது. அது ஓடவில்லை, இரண்டடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது. குழாயை நிமிர்த்திப் பனியைத் தட்டி விடுவதற்குள் விரல்கள் மரத்துப்போயின.

அவள் இறங்கி வந்ததும் மாமியார் அந்த விரல்களைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். சூடு திரும்பியதும் அடுப்பை மறுபடி மூட்டினார். பிறகு, "மூணு தடவையா?" என்றார்.

"மூணு தடவை."

வெள்ளி மதியம் காற்று நின்றது. டிராக்டரில் வந்த புருஷன், பனிமேட்டிலிருந்து புகை வருவதைப் பார்த்துவிட்டுப் பைத்தியம் பிடித்தவன்போல் வெட்டினான். சுவரோரம் இருபத்திரண்டு மறிமான்கள் விறைத்துக் கிடந்தன. மிச்சமெல்லாம் வரிசையாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. கதவு திறந்ததும் அவன் அழுதுவிட்டான். "அம்மா, பயந்துட்டியா?"

"அதெல்லாம் இருக்கட்டும். மாற்றல் உத்தரவு எங்கடா?"

அவர் பஸ் ஏறவில்லை. பிள்ளை கெஞ்சினான், கோபித்தான், ஒரு வாரம் பேசாமலும் இருந்தான். அவன் மாற்றல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்வரை அவர் அசையவில்லை.

உத்தரவு மே மாதம் வந்தது. பனி உருகி, புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, வெள்ளை இறகாய்ப் பூத்து அலையடித்தது. தரையணில்கள் வளைக்கு வெளியே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தன. சாமான் ஏற்றிய பிறகும் புருஷன் அந்தப் புல்வெளியைப் பார்த்தபடியே நின்றான். மருமகள் அவனைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அவனுக்குக் கொடுத்தாள்.

"அழகாத்தான் இருக்கு, இல்லே?" என்றான், லாரியில் ஏறி உட்கார்ந்து.

"ரொம்ப அழகு," என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "போலாம்" என்றாள்.