பிரேக் பிடிக்கிற கால்

தறிக்குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு, எந்தக் காலை முதலில் உள்ளே விடுவது என்று அப்பா கேட்டபோது பானுப்ரியாவுக்குப் பதில் தெரியவில்லை. பட்டு நெய்கிற ஊரில் பிறந்தவள்தான். ஜெர்மனியில் நாலு ஊர்களில் பட்டு நூலைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுக் கண்காட்சி வைத்தவள்தான். ஆனால் தறியில் உட்காருவதற்கும் ஒரு முறை உண்டு என்று அவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. அந்த வீட்டு நெசவாளி சடையப்பன் வந்து, அப்பா ஜெகநாதனின் தோளைப் பிடித்து, பலகையில் உட்காரவைத்து, இரண்டு கால்களையும் குழிக்குள் இறக்கிவிட்டார். சடையப்பனின் பழைய பனியன் அப்பாவுக்கு வயிற்றைப் பிடித்தது.

“குந்திகினு இருந்தா போதுமா, காலையும் ஆட்டணுமா?” என்றார் அப்பா.

“கொஞ்சம் ஆட்டுப்பா. போட்டோவுக்குத்தான்.”

அவர் தலையாட்டினார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பாள்.

முதலில் அவள் பொய் சொல்லவில்லை. வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய கலைஞர்களுக்கென்று ஜெர்மனியில் ஓர் உதவித்தொகை உண்டு. உங்கள் பின்னணி உங்கள் கலைக்குள் எப்படி வருகிறது என்று படிவத்தில் ஒரு கேள்வி. அப்பா செய்யார் கம்பெனிக்கு பஸ் ஓட்டுகிறார் என்று எழுதிப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. அழித்துவிட்டு, பட்டு நெய்யும் ஆரணியிலிருந்து வருகிறேன் என்று எழுதினாள். அச்சாகி வந்த கையேட்டில் ‘நெசவாளியின் மகள்’ என்று இருந்தது. திருத்தச் சொல்ல ஒரு மின்னஞ்சல் போதும். நாளைக்கு அனுப்பலாம் என்று விட்டாள். பிறகு ஒரு மேடையில் யாரோ அப்படியே அறிமுகப்படுத்தினார்கள், சிரித்துக்கொண்டாள். அடுத்த மேடையில், அப்பாவின் தறிச் சத்தத்தில்தான் தினமும் கண்விழிப்பேன் என்று அவளே சொன்னாள். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் இப்போது ஒரு பெரிய அருங்காட்சியகம் அவளுக்கென்று தனிக் கண்காட்சி வைக்க முன்வந்திருந்தது. கண்காட்சிப் பொறுப்பாளர் மார்த்தா, ஒப்பந்தக் கையெழுத்துக்கு முன்னால் அந்த வீட்டையும் அந்தத் தறியையும் பார்க்க வேண்டும் என்று விமானம் ஏறிவிட்டாள். உண்மை தெரிந்தால் கண்காட்சியும் போகும், அவள் பெயரும் போகும்.

போனில் விஷயத்தைச் சொன்னபோது, அந்த அம்மா என்றைக்கு வருகிறாள் என்று மட்டும் அப்பா கேட்டார். பிறகு, சடையப்பனிடம் கேட்டுப் பார்ப்பதாகவும், அவருடைய பெண் நாலு வருடம் நம் வண்டியில்தான் வேலைக்குப் போனது, அதனால் முடியாது என்று சொல்ல மாட்டார் என்றும் சொன்னார். வெட்கம் அவருக்கா தனக்கா என்று பானுவுக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இன்றைக்கு, பனியனுக்குள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்ததும் நன்றாக விளங்கியது.

மார்த்தா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவளைப் போல வந்தாள். தறியைத் தொடாமல் பார்த்தாள். யாருடைய கல்யாணத்துக்கோ பாதி நெய்திருந்த அரக்குச் சேலை அதில் இருந்தது. அப்பா கயிற்றைச் சுண்டினார். ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா பாதி வழியில் நின்றது. மறுபடி சுண்டிவிட்டு, பதற்றத்தில் மிதிகட்டையை ஓங்கி மிதித்தார். பட்பட்டென்று பாவு இழைகள் நாலைந்து அறுந்தன.

காபித் தட்டோடு நின்றிருந்த சடையப்பனின் கை தன்னாலே தறியை நோக்கி நீண்டது. பக்கத்து வீட்டுக்காரராக நடிக்க ஒப்புக்கொண்டது நினைவுக்கு வந்ததோ என்னவோ, கையைத் தட்டுக்குக் கீழே கொண்டுபோய்விட்டார். மார்த்தா கேமராவைக் கண்ணில் வைத்தபடி, அந்த மனிதர் படத்துக்குள் வருகிறார், கொஞ்சம் ஒதுங்கச் சொல்ல முடியுமா என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டாள். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் பானுதான். சொன்னாள். தன் வீட்டுத் தறியின் பக்கத்திலிருந்து சடையப்பன் இரண்டு அடி தள்ளி நின்றார்.

பிறகு மார்த்தா அப்பாவின் முன் தரையில் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கேள்வி கேட்டாள். நெசவுக்கு வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பானு அதையும் சொன்னாள். ஏதாவது இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்று கண்ணால் கெஞ்சினாள்.

அப்பா அறுந்த இழைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸு ஓட்டியிருப்பேன்னு சொல்லுமா,” என்றார். “விடியறதுக்கு முன்ன கம்பெனிக்குப் போற பொண்ணுங்கள ஏத்திகினு போற பஸ்ஸு. அல்லாம் ஜன்னல்ல தலைய சாச்சிகினு தூங்கும். அதுங்க தூக்கம் கலையாம பிரேக்கு புடிக்கணும்னா அதுக்குன்னு ஒரு காலு வேணும். அது எனக்கு நல்லா வந்திருக்கும்.”

அவளைக் குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பதுதான் பானுவால் தாங்க முடியாததாக இருந்தது. பதினெட்டு வருடம் நன்றாகச் செய்த வேலையை, கிடைக்காமல் போன ஆசையாகச் சொல்லி மகளுக்கு உதவுகிறார். அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். அன்று காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்ததில் அது ஒன்றுதான் பாதியாவது உண்மை. மார்த்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டு, கண்காட்சியின் நுழைவுச் சுவரில் பெரிய எழுத்தில் இதைத்தான் வைக்கப் போகிறோம் என்றாள்.

குழியிலிருந்து எழ அப்பாவுக்கு முட்டி மடங்கவில்லை. சடையப்பன்தான் தூக்கிவிட்டார். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் தறியில் இறங்கி, முதல் அறுந்த இழையை விரலால் தேடத் தொடங்கியிருந்தார். பானு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்று நின்றாள். அவர் தலை நிமிரவில்லை.

காரை நிறுத்தியிருந்த பெரிய ரோட்டுக்கு மூவரும் நடந்தார்கள். அப்பா தன் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டன் போட்டபடி வந்தார். மத்தியான ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ் எதிரே வந்தது. அப்பா ஓட்டிய வண்டிதான். அவர் வேலையை விட்ட பிறகு அன்பரசு என்ற பையன் ஓட்டுகிறான். அவரைப் பார்த்ததும் இரண்டு முறை சின்னதாக ஹாரன் அடித்தான். ஜன்னலோரம் இருந்த இரண்டு பெண்கள் சிரித்துக் கை காட்டினார்கள்.

அப்பாவின் கை நெஞ்சுவரை உயர்ந்தது. அங்கேயே நின்று, போட்ட பட்டனையே மறுபடி தடவியது.

“பானு, அவர் சொன்ன மாதிரியே ஒரு பஸ்,” என்று மார்த்தா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் குதூகலமாகச் சொன்னாள். “இப்படிப்பட்ட பஸ்ஸைத்தான் ஓட்ட நினைத்தாரா என்று கேள்.”

பானு அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை, அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் அவர்களைத் தாண்டி வேகத்தடையை நெருங்கியது. செருப்புக்குள் அவருடைய வலது கால், யாரும் சொல்லாமல், தரையை மெல்ல அழுத்தியது.