வரிசையில் நிற்கிறோம்

விடிவதற்குள் பள்ளிக்கூடத்தின் ஆறு கழிப்பறைகளையும் கழுவி முடிக்க வேண்டுமென்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அன்று அங்கே வாக்குப்பதிவு. பினாயில் நெடி தொண்டையில் கட்டிக்கொள்ள, கூட்டத்தில் மூத்தவளான பெரியவள் தேய்த்துக்கொண்டே போனாள். அவள் நாத்தனார் பின்னாலேயே தண்ணீர் ஊற்றினாள். பெஞ்சுகளை நகர்த்தி, வரிசைக்குக் கயிறு கட்டியதும் இவர்கள்தான். துப்புரவுப் பெண்கள், பதினோரு பேர்.

ஏழு மணிக்கு அவர்களும் வரிசையில் நின்றார்கள். அதிகாரி பெரியவளின் அட்டையைப் பார்த்தார். அதிலிருந்த தெரு இப்போது இல்லை. சாலை போட இடித்துவிட்டார்கள். குடியிருக்கும் இடத்துக்குச் சான்று வேண்டும், இந்தத் தடவை புது விதி என்றார். குரலில் கோபம்கூட இல்லை. மற்ற ஒன்பது பேருக்கும் அதே பதில். கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போன நாத்தனார் மட்டும் விரலில் மையோடு வெளியே வந்தாள்.

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. வீட்டை இடித்த அன்றும் வரவில்லை.

பத்துப் பேரும் இருப்பது மேஸ்திரியின் தகரக் கொட்டகையில். அவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். வாசலில் வண்டியோடு நின்றவரிடம் போய்க் கேட்டாள்.

"எழுதிக் குடுத்தா நாளைக்கு இடமே எங்களதும்பீங்க. வண்டியில ஏறுங்க, மார்க்கெட்டு நாறிக் கெடக்கு."

"அப்ப நாங்க அங்க இல்லைங்கிறீங்களா?"

"நான் எதுவும் சொல்லலை."

ஏறாதவர்களுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை என்றார். பிறகு நாத்தனாரைப் பார்த்து, "நீதான் போட்டுட்டியே, ஏறு" என்றார்.

அவள் அசையவில்லை. "அண்ணியும் போடட்டும்."

வண்டி காலியாகப் போயிற்று.

பத்துப் பேரும் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனார்கள். நாத்தனார் கயிற்றுக்கு வெளியே கூடவே நின்றாள். மேஜை வரை போய், இல்லை என்றதைக் கேட்டு, திரும்பக் கடைசிக்கே வந்தார்கள். வெயில் ஏறி இறங்கியது. நான்காவது தடவை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவைம்மா சொல்றது?"

"ஆறு மணிக்கு ஓட்டு முடியறப்ப வரிசையில நிக்கிறவங்களுக்குச் சீட்டு குடுத்துப் போட விடுவீங்கல்ல சார். நாங்க வரிசையிலதான் நிக்கிறோம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறுக்குப் பத்து நிமிஷம். சீட்டை எடுக்கவில்லை, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மேலே கேட்டுச் சொல்கிறேன், எத்தனை பேர் என்றார்.

"பத்து" என்றாள்.

"பதினேழு" என்றது பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்.

திரும்பிப் பார்த்தாள். காலையில் அதே விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட மூட்டை தூக்குகிறவர்கள் ஏழு பேர், வேலை முடிந்து வந்து, அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.